"அவனால் தொந்தரவே இல்லை" என்கிறது பள்ளி

கேள்வி: என் தம்பிக்கு 15 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு, லேசான அளவு என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள். சாதாரணப் பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஆசிரியர்கள் அன்பாக நடத்துகிறார்கள், யாரும் கேலி செய்வதில்லை. பக்கத்தில் உட்காரும் நண்பன் பாடக் குறிப்புகளை இவனுடைய நோட்டிலும் எழுதிக் கொடுத்துவிடுகிறான். "அவனால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கணக்குக்கும் இரண்டாம் மொழிக்கும் விலக்கு வாங்கிவிடலாம், எப்படியாவது பள்ளியை முடித்துவிடுவான்" என்கிறார் வகுப்பாசிரியர். பெற்றோருக்கும் அது போதும். பள்ளி முடிந்த பிறகு என்ன என்று கேட்டால், "எங்களுக்கு அப்புறம் நீ இருக்கிறாயே" என்கிறார்கள். தம்பி செல்போன் கேட்டு அடம்பிடிக்கிறான், அவர்கள் தரப் பயப்படுகிறார்கள். எனக்கு 24 வயது. வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவனுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?
– ஓர் அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கணக்கும் இல்லை, இரண்டாம் மொழியும் இல்லை. "தொந்தரவு இல்லை" என்ற அந்த வார்த்தைதான். உயர்நிலை வகுப்புகளில் ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் அடுத்த வகுப்பு. சத்தம் போடுகிற பையனைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வரும், ஏதாவது ஓர் ஏற்பாடும் நடக்கும். சத்தம் போடாதவன் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி, மிச்சமிருக்கும் வருடங்களையும் அப்படியே கழித்துவிட்டு வெளியே வந்துவிடுவான். கையில் அழகான நோட்டு இருக்கும், ஆனால் அதில் இருப்பது நண்பனின் கையெழுத்து.

அன்பான பள்ளி கிடைப்பது பெரிய விஷயம். அதை விட்டுவிட்டு வேறு பள்ளி தேடச் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் இருப்பது வேறு, வகுப்பில் படிப்பது வேறு. ஒரு வாரம் தம்பியின் ஒவ்வொரு பாடவேளையையும் எடுத்துக்கொண்டு, அவன் அதில் தானாக என்ன செய்தான் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னான், படம் வரைந்தான், சோதனைக்குழாயைப் பிடித்தான், எதுவாக இருந்தாலும் சரி. "பார்த்து எழுதினேன்" என்பது கணக்கில் வராது. பெரும்பாலான பாடவேளைகளில் எதுவும் இல்லை என்றால், பள்ளியிடம் எங்கே பேச்சைத் தொடங்குவது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

விலக்கு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பள்ளிகள் தரும் உதவி இரண்டு வகை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய, ஆசிரியர்களிலும் உண்டு. பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றுவது முதல் வகை: தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துச் சொல்ல ஒருவர், சொல்வதை எழுத ஒருவர், பெரிய எழுத்தில் வினாத்தாள், கால்குலேட்டர். இலக்கையே மாற்றுவது இரண்டாவது வகை: குறைவான பாடம், எளிய கேள்வி, அல்லது பாடமே வேண்டாம் என்ற விலக்கு. முதல் வகையை எவ்வளவு கேட்டாலும் தம்பிக்கு இழப்பில்லை. இரண்டாவது வகைக்கு ஒரு விலை இருக்கலாம். கணக்கு இல்லாமல் பள்ளியை முடித்தவரைச் சில தொழிற்பயிற்சி நிலையங்கள் சேர்த்துக்கொள்ளாது. சில வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, இந்த விலக்கோடு கிடைக்கும் சான்றிதழ் எப்படி இருக்கும், அதை வைத்துக்கொண்டு எந்தப் படிப்பில் சேரலாம், எதில் சேர முடியாது என்று தேர்வு வாரியத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக வரும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" மூன்று வருடம் கழித்து உதவாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் விலக்குதான் சரி என்று முடிவானால் தவறில்லை. பல குழந்தைகளுக்கு அதுதான் சரியாக இருக்கும். ஆனால் விலக்கு கிடைத்த அந்தப் பாடவேளையில் அவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். நூலகத்தில் சும்மா உட்கார வைப்பது பதில் ஆகாது. தேர்வுக்கு வேண்டாம் என்பதால் வாழ்க்கைக்கும் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. மற்றவர்கள் சதவீதக் கணக்கு போடும் நேரத்தில் அவன் தள்ளுபடி விளம்பரத்தைப் படித்து, கால்குலேட்டரில் எது மலிவு என்று கண்டுபிடிக்கலாம். வரலாற்றில் அதே பாடத்தின் நான்கு படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லலாம். பாடம் ஒன்றுதான், ஆழம்தான் வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 15 வயதுப் பையனிடம் மழலையர் வகுப்பின் வண்ணம் தீட்டும் தாளைக் கொடுக்கக் கூடாது. வாக்கியம் எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். முயல்குட்டிப் படத்தை நீட்டினால் வகுப்பில் இருக்கும் மற்ற நாற்பது பேரும் அவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவனுக்கே தெரியும்.

அந்த நண்பன் நல்ல பையன். அவனைத் திட்டிவிடாதீர்கள். எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, முக்கியமான மூன்று வரியைக் கோடிட்டுக் காட்டச் சொல்லலாம். அந்த மூன்றைத் தம்பி எழுதட்டும். மீதியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் போயிற்று.

சரி, பள்ளிக்கு அப்புறம். உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத கேள்வி இது. இப்போதே இதைக் கேட்பது சீக்கிரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி, சிறப்புக் கல்வி பெறும் மாணவருக்கு 16 வயது ஆவதற்குள் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் அவருடைய கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் இப்படிச் சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள மாணவருக்கு 13, 14 வயதில் நடக்கும் ஆண்டு ஆய்வுக் கூட்டத்திலேயே இந்தப் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். தேவைப்பட்டால் அந்தத் திட்டம் 25 வயது வரை நீளும். 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, பள்ளியோடு நின்றுவிடாமல் உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் முதியோர் கல்விக்கும் சேர்த்தே பேசுகிறது. இந்த நாடுகளின் கணக்கில் பார்த்தால், தம்பி இதைத் தொடங்க வேண்டிய வயதுக்கு வந்துவிட்டான்.

ஏன் இவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும் என்றால், பள்ளியில் உதவி தானாகத் தேடி வரும். ஆசிரியருக்கு அவனைத் தெரியும், நண்பனுக்குத் தெரியும், உங்கள் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளியை விட்டு வெளியே வந்த மறுநாள் அப்படி இல்லை. கல்லூரியோ பயிற்சி நிலையமோ வேலையிடமோ, அவன் வாயைத் திறந்து கேட்டால்தான் உதவி. "எனக்குப் படிப்பதற்கு நேரமாகும், மெதுவாகச் சொல்லுங்கள்" என்று ஒரு புதியவரிடம் சொல்லத் தெரியாதவனுக்கு, எவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் பயனில்லை. தன் குறைபாட்டின் பெயரே தெரியாமல் 18 வயதைத் தொடும் பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், மனசு கஷ்டப்படும் என்று. தம்பிக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் நீங்களே சொல்லலாம். அக்கா சொன்னால் கேட்டுக்கொள்வான். "உனக்குப் புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ள மற்றவர்களைவிட அதிக நேரமாகும். அதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது. செய்து காட்டினால் உனக்கு நன்றாகப் புரிகிறது" என்ற அளவில் போதும். தான் ஏன் திணறுகிறோம் என்று அவன் ஏற்கெனவே யோசித்துக்கொண்டுதான் இருப்பான். காரணம் தெரிந்தால் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும்.

அப்புறம் அவனோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது, நான் நன்றாகச் செய்வது, எனக்குக் கஷ்டமானது, எப்படிச் சொன்னால் எனக்குப் புரியும், பள்ளி முடிந்ததும் நான் செய்ய விரும்புவது. அவன் சொல்லச் சொல்ல அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுத வராத இடத்தில் படம் ஒட்டலாம், குரலாகவும் பதிவு செய்யலாம். அடுத்த முறை பள்ளியில் அவனைப் பற்றிக் கூட்டம் நடந்தால் அவனும் அந்த அறையில் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்தை அவனே வாசிக்க வேண்டும். முதல் முறை இரண்டு வரி வாசித்துவிட்டு வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவான். பரவாயில்லை. அவனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே ஐந்து பெரியவர்கள் அவன் எதிர்காலத்தை முடிவு செய்யும் வழக்கம்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கேதான் குடும்பங்கள் சீக்கிரம் நம்பிக்கை இழந்துவிடுகின்றன.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், அறிவுசார் குறைபாடு மிதமாகவும் கடுமையாகவும் உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக் ஒன்றைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். அதில் 15 பாகங்கள். இவர்களால் முடியவே முடியாது என்று பலரும் நினைத்த வேலை அது. அவர் செய்ததெல்லாம், வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டு கையால் காட்டினார். ஒரு பகுதியினருக்குப் பாகங்களில் எந்தப் பக்கம் தங்களைப் பார்த்து இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசிக் கொடுத்தார். அவர்கள் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்கும் விதம் மாறினால் முடிவும் மாறும் என்று அப்போதிருந்தே தெரிந்திருந்தும், "இவனுக்கு என்ன வரும்" என்ற கேள்வியை இன்றும் பையன் மேலேயே போடுகிறோம்.

முதலில் ஆயத்தப்படுத்து, பிறகு வேலைக்கு அனுப்பு என்பதுதான் வெகுகாலம் இருந்த முறை. பலர் வருடக்கணக்கில் ஆயத்தமாகிக்கொண்டே இருந்தார்கள். 1980-களில் இது தலைகீழானது: முதலில் உண்மையான வேலையிடத்தில் சேர், அங்கேயே ஒரு பயிற்றுநர் கூட இருந்து கற்றுக்கொடுக்கட்டும், பழகப் பழக அவர் விலகிக்கொள்ளட்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. தம்பியைப் போன்றவர்களுக்கு ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாகப் போய்விடாது. வகுப்பறையில் பொம்மை நோட்டை எண்ணத் தெரிந்தவன், பின்னால் வரிசை நிற்கும்போது கடையில் தடுமாறுவான். அதனால் செய்ய வேண்டிய இடத்திலேயே கற்றுக்கொடுப்பதுதான் பலன் தரும்.

1996-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் எரின் ரீல் என்பவர் இந்த வழியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அவர் அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளர். பொருட்களை எடுத்து அடுக்கி வைக்கும் வேலையில் ஆள் நிலைக்காமல் போனது அவருக்குத் தலைவலியாக இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 'ப்ராஜெக்ட் சர்ச்' என்ற பெயரில் அது பிற நாடுகளுக்கும் பரவியது. பள்ளியின் கடைசி வருடத்தை மாணவர்கள் ஒரு நிறுவனத்துக்குள்ளேயே கழிக்கிறார்கள். வெவ்வேறு பிரிவுகளில் சில வாரங்கள் வீதம் வேலை பழகுகிறார்கள், ஆசிரியரும் அங்கேயே இருக்கிறார். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு திட்டம் இல்லாமல் இருக்கலாம். அதன் சிறிய வடிவத்தை நீங்களும் பள்ளியும் சேர்ந்து செய்யலாம்: விடுமுறையில் இரண்டு வாரம் நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, அடுத்த விடுமுறையில் செடி வளர்ப்பிடம், அதற்கடுத்து ஓர் அலுவலகத்தில் தாள்களை ஸ்கேன் செய்வது. ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது அவன் எவ்வளவு வேகமாகச் செய்தான் என்பதை மட்டும் அல்ல. சத்தம் தாங்குகிறானா, நெடுநேரம் நிற்க முடிகிறதா, ஒருவர் திருத்தினால் எப்படி எடுத்துக்கொள்கிறான், மறுநாள் போக விரும்புகிறானா? மூன்று இடம் போய்வந்த பிறகு "உனக்கு என்ன வேலை பிடிக்கும்" என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்கும். இப்போது கேட்டால் தொலைக்காட்சியில் பார்த்ததைத்தான் சொல்வான். சிறார் உழைப்புச் சட்டத்தின் வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு என்று போன இடம் சம்பளமில்லாத வேலையாக மாதக்கணக்கில் நீளவும் விடாதீர்கள்.

2000-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு தேசிய ஆய்வு, மாற்றுத்திறன் மாணவர்கள் 11,000-க்கும் மேற்பட்டோரைச் சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். பள்ளியில் படிக்கும்போதே சம்பளத்தோடு ஏதாவது வேலை பார்த்தவர்களுக்குப் பிறகு வேலை அமையும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. "என் பிள்ளை வேலைக்குப் போவான்" என்று பெற்றோர் எதிர்பார்த்த வீடுகளிலும் அப்படித்தான். இரண்டாவதை உங்கள் அப்பா அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். எதிர்பார்ப்பு மட்டும் வேலை வாங்கித் தராது, உண்மைதான். ஆனால் எதிர்பார்ப்பவர்கள்தான் அவனைப் பேருந்தில் தனியாக அனுப்பிப் பழக்குவார்கள்.

பேருந்துப் பயணம் எந்தப் பாடத்துக்கும் குறைந்ததல்ல. போக்குவரத்து தெரியாததால் கிடைத்த வேலையை விட்டவர்கள் உண்டு. நேரடியாகத் தனியாக அனுப்பிவிடாமல் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதலில் இறங்கும் நிறுத்தத்தை மட்டும் அவன் சொல்லட்டும், மற்றது எல்லாம் நீங்கள். பிறகு சீட்டு வாங்குவதும் அவன் வேலை. பிறகு நீங்கள் இரண்டு இருக்கை தள்ளி உட்காருங்கள், அடுத்து வேறு பேருந்தில் பின்னால் வாருங்கள். தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேண்டுமென்றே இறக்கிவிட்டுப் பழக்க வேண்டும். வழி தவறவே தவறாது என்று நம்பிக் கற்றுக்கொடுப்பது அரைகுறைப் பயிற்சி.

இதனாலேயே செல்போனையும் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அலாரம், வரைபடம், எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி எல்லாம் அவனுக்குச் சொகுசு இல்லை, கண்ணாடி போடுபவருக்குக் கண்ணாடி மாதிரி. பெற்றோரின் பயமும் நியாயம்தான். கடவுச்சொல் கேட்பவர், பணம் கேட்பவர், படம் அனுப்பச் சொல்பவர் என்று வலை விரித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அதற்கு விதி வேண்டும், ஒத்திகையும் வேண்டும். நீங்களே வேறோர் எண்ணிலிருந்து அழைத்துப் பணம் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறான் என்று. போன் தராமல் 18 வயது வரை காத்து, அப்புறம் ஒரே நாளில் தருவதுதான் உண்மையான ஆபத்து. உடல் மாற்றங்கள், யார் தொடலாம், யார் தொடக்கூடாது, "வேண்டாம்" என்று சொல்வது, காதல், ஈர்ப்பு ஆகியவற்றைப் பற்றியும் யாராவது அவனிடம் நேராகப் பேச வேண்டும். அப்பா பேசினால் நல்லது. மறைபொருளாகப் பேசினால் அவனுக்குப் புரியாது.

18 வயது ஆகும்போது ஒரு குழப்பம் வரும். "சட்டப்படி காப்பாளர் நியமித்துவிடுங்கள்" என்று, அதாவது அவனுக்குப் பதிலாக முடிவெடுக்க ஒருவரை வைத்துவிடுங்கள் என்று, யாராவது ஆலோசனை சொல்வார்கள். அந்த ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது; முடிவெடுக்க உதவி தேவையென்றால் அந்த உதவியைத் தரச் சொல்கிறது. லேசான குறைபாடு உள்ள தம்பிக்கு முழுக் காப்பாளர் ஏற்பாடு பெரும்பாலும் தேவைப்படாது. கேட்டு, விளக்கி, கூட இருந்து முடிவெடுக்க உதவுவது போதும். எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் நாட்டில் இதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். இப்போதே அவன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கிப் பணம் எடுக்கப் பழக்கலாம். குறைபாட்டுச் சான்றிதழ் காலாவதி ஆகிறதா என்று பாருங்கள். மதிப்பீடு பழையதாக இருந்தால் பள்ளியில் இருக்கும்போதே புதுப்பிப்பது எளிது.

கடைசியாக உங்கள் வேலை. போங்கள். தம்பிக்கு ஒரு அம்மா இருக்கிறார், இரண்டாவது அம்மா தேவையில்லை, அக்கா தேவை. நீங்கள் வீட்டிலேயே இருந்தால் மேலே சொன்னதில் பாதியை அவனுக்காக நீங்களே செய்து முடித்துவிடுவீர்கள், அந்த நண்பன் நோட்டு எழுதிக் கொடுத்ததுபோல. "எங்களுக்கு அப்புறம் நீ" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். எதை ஏற்க முடியும், எதை முடியாது என்று பொறுமையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். அவன் எங்கே வசிப்பான், பணத்தை யார் கவனிப்பார், மருத்துவரிடம் யார் கூட்டிப்போவார் என்பதெல்லாம் பெற்றோர் நலமாக இருக்கும்போதே பேச வேண்டியவை.

புறப்படுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒரு கூட்டம் கேளுங்கள். தம்பி, அப்பா, அம்மா, சிறப்பு ஆசிரியர் இருந்தால் அவரும் வரட்டும். விலக்கின் விளைவு, பாடவேளையில் அவனுக்கான வேலை, அடுத்த விடுமுறையில் எங்கே வேலை பழகப் போகிறான், பேருந்துப் பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் தேதியும் எழுதுங்கள். உங்கள் பெயர் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். தம்பியின் பெயர் குறைந்தது மூன்று இடத்திலாவது இருக்கட்டும்.